அரசப்பனையும் ரேஷன் புத்தகமும்

கியூபா என்றதும் பலருக்குச் சுருட்டும் பழைய அமெரிக்கக் கார்களும் நினைவுக்கு வருகின்றன. எனக்கோ அந்நாட்டின் தேசிய மரமான அரசப்பனைதான் முதலில் தோன்றுகிறது. நாட்டுச் சின்னத்தில் இடம்பெற்ற அம்மரத்தின் ஓலை குடியானவர் குடிசைக்குக் கூரையாகிறது, கனி பன்றிகளுக்குத் தீனியாகிறது. மட்டையின் அடியில் தண்டைச் சுற்றியிருக்கும் அகன்ற உறையோ, உதிர்ந்தபின் நனைத்து மடிக்கப்பட்டுப் புகையிலைப் பொதிகளைக் கட்டப் பயன்படுகிறது. இப்படி உழைக்கும் மரமே ஒரு தேசத்தின் அடையாளமாக இருக்கத் தகுந்தது என்று உறுதியாக நம்புகிறேன்.

தேசிய மலரான வெண்ணிற மரிப்போசா ஆசியாவிலிருந்து சென்றது. ஆயினும், ஸ்பெயினுக்கு எதிரான விடுதலைப் போர்களில் பெண்கள் அம்மலர்களுக்குள் இரகசியச் செய்திகளை மறைத்துக் கொண்டுசென்றதாகச் சொல்லப்படுவதால், அது அம்மண்ணுக்கே உரியதாகிவிட்டது.

வீட்டுக்குள் என்னை அதிகம் ஈர்ப்பது, அடுப்பின்மேல் வைக்கும் சிறிய காப்பிக் குடுவை. அதில் முதலில் இறங்கும் சில துளி டிகாக்‌ஷனைச் சர்க்கரையோடு சேர்த்து, வெளிறிய நுரையாகும்வரை கரண்டியால் அடித்து, எஞ்சியதை அதன்மேல் ஊற்றுவார்கள். 1962இல் தொடங்கிய ரேஷன் புத்தகத்தில் அளந்து தரப்பட்ட தூளில் வறுத்த பட்டாணி கலந்திருந்த காலங்களிலும் (அப்புத்தகத்தை வெறும் பற்றாக்குறையின் சின்னமாக ஒதுக்குவது எனக்கு உடன்பாடன்று) இந்த நுரையை அவர்கள் கைவிடவில்லை. கடல் கடந்து மயாமியில் குடியேறியவர்களும் இன்றுவரை காப்பியை இப்படியே தயாரிக்கிறார்கள்.