திராட்சைத் தோட்டங்கள் வழியே ஒரு பஸ் பயணம்: விக்டோரியா நாட்குறிப்பு

ஏப்ரல் 22, 2024, திங்கள், மேன்ஸ்ஃபீல்ட்

மகள் பதிவு செய்து கொடுத்த சுற்றுலா இது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் ஏறி, விக்டோரியா மாநிலத்தின் வடகிழக்கைச் சுற்றிவிட்டு வெள்ளிக்கிழமை திரும்புகிறோம். பஸ்ஸில் என்னையும் என் கணவரையும் தவிர எல்லாரும் வெள்ளைக்காரர்கள், எல்லாரும் ஓய்வு பெற்றவர்கள். ஓட்டுநரே வழிகாட்டியும்கூட, மைக்கில் பேசிக்கொண்டே ஓட்டுகிறார். தினமும் ஆளுக்கு இரண்டு வரிசை தள்ளி உட்கார வேண்டுமாம், ஜன்னலும் முன்வரிசையும் எல்லாருக்கும் ஒருமுறை கிடைக்க வேண்டும் என்று. நம்ம ஊர் பஸ்ஸில் இதைச் சொல்லிப் பாருங்கள்.

முதல் நிறுத்தம் யாரா பள்ளத்தாக்கு. விக்டோரியாவின் முதல் திராட்சைக் கொடிகளை 1838இல் நட்டது இங்கேதான், யெரிங் என்ற இடத்தில். எங்களுக்குத் தேனி மாவட்டம் கம்பத்தை அடுத்த சுருளிப்பட்டிப் பக்கம் பன்னீர் திராட்சைத் தோட்டம் இருப்பதால் பஸ் நின்றதும் நான் நேராகக் கொடி வரிசையைப் பார்த்து நடந்தேன். ஓட்டுநர் பின்னாலேயே ஓடி வந்து, வரிசைக்குள் கால் வைக்கக் கூடாது என்றார். ஃபிலாக்ஸெரா என்று ஒரு பொடிப் பூச்சி, அசுவினி வகையறா, வேரில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சிக் கொடியைக் கொன்றுவிடும். செருப்பில் ஒட்டிய மண்ணில்கூடப் பயணம் செய்யும். 1877இல் ஜீலாங் பக்கம் முதலில் தென்பட்டபோது அரசாங்கமே கொடிகளைப் பிடுங்கிப் போடச் சொன்னது. யாரா பள்ளத்தாக்கில் 2006இல் கண்டுபிடித்தார்கள். மருந்து கிடையாது. இந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுக் கட்டி நடுவது ஒன்றுதான் வழி.

எனவே வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே பார்த்தேன். நம்ம ஊரில் கல்லுக்கால் ஊன்றி, கம்பி கட்டி, தலைக்கு மேலே பந்தல் போட்டுத்தானே படர விடுவோம். நின்ற இடத்திலிருந்து அண்ணாந்து கொத்தைப் பறிக்க வேண்டும். இங்கே பந்தலே இல்லை. இடுப்பு உயரத்தில் கொடியை இருபுறமும் கம்பியில் கட்டி, குருத்தை நேராக மேலே ஏற்றி விடுகிறார்கள், வேலி மாதிரி. இயந்திரம் வரிசையின் மேலேயே ஏறிப் போய் அறுக்குமாம். வருடத்துக்கு ஒரே வெள்ளாமை. அறுப்பு முடிந்து இலை மஞ்சளாகி உதிர்ந்ததும் கொடி தூங்கப் போய்விடும், குளிர் காலத்தில்தான் கவாத்து, அதாவது கிளைகளை வெட்டி விடுவது. எங்கள் கம்பம் பக்கத்துக் கொடிக்கு ஏது தூக்கம், கவாத்து செய்த கொஞ்ச நாளில் மறுபடி துளிர்த்துவிடுகிறதே.

உள்ளே ருசி பார்க்கும் கூடத்தில் ஒன்றரை மணி நேரம். நான் குடிப்பதில்லை, அவர் எப்போதாவது. ஆறு கோப்பைகளில் ஆளுக்கு ஒரு வாய். பிடிக்காவிட்டால் துப்புவதற்கு வாளி வைத்திருக்கிறார்கள். பஸ்ஸில் ஒருவர்கூடத் துப்பவில்லை.

அதன்பின் ஹீல்ஸ்வில்லைத் தாண்டி பிளாக் ஸ்பர் மலைப்பாதை. நான் இந்தப் பயணத்துக்குச் சம்மதித்ததே இதற்காகத்தான். இருபுறமும் மலைச் சாம்பல் மரம் என்று இவர்கள் சொல்லும் யூகலிப்டஸ், நம்ம தைல மரத்துக்கு உறவு. உலகத்தில் பூக்கும் தாவரங்களிலேயே மிக உயரம் இந்த இனம்தான். டாஸ்மேனியாவில் ஒரு மரம் 100 மீட்டரைத் தாண்டி நிற்கிறது. பட்டை நீள நீளமாக உரிந்து தொங்க, அடியில் ஆள் உயரத்துக்கு மேல் மரப் பெரணிகள். கொடைக்கானலில் சோலைக்கும் புல்வெளிக்கும் எமனாக வந்த சீகை மரம் இங்கே யாரையும் தொந்தரவு செய்யாமல் ஓடைக்கரையில் ஒதுங்கி நிற்கிறது. இது அதன் சொந்த ஊர், அதைக் கட்டுப்படுத்தும் பூச்சியும் நோயும் கூடவே இருக்கின்றன.

இத்தனையும் சுமார் இருபது நிமிடத்தில் ஜன்னலைக் கடந்து போனது. பஸ் நிறுத்த இடமில்லையாம். ஒயினுக்கு ஒன்றரை மணி நேரம், காட்டுக்கு இருபது நிமிடம். இந்தக் கணக்கு எனக்குச் செரிக்கவில்லை.

மேரிஸ்வில்லில் தேநீர். ஊரில் எல்லாக் கட்டடமும் புதிது. 2009 பிப்ரவரி 7, கருப்புச் சனிக்கிழமை என்கிறார்கள், மாநிலம் முழுவதும் 173 பேர் செத்த காட்டுத்தீயில் இந்த ஊர் கிட்டத்தட்ட முழுக்க எரிந்துபோனது. மலைச் சாம்பல் மரம் பெருந்தீயில் செத்துவிடும், மறுபடி துளிர்க்காது. ஆனால் அந்தச் சூட்டில் உச்சியிலிருக்கும் காய் வெடித்து விதையைச் சாம்பலில் கொட்டும். அதனால் ஒரு காட்டில் எல்லா மரமும் ஒரே வயது. இந்தப் பக்கத்து மரங்களில் பெரும்பகுதி 1939 தீக்குப் பிறகு முளைத்தவை. மெல்பர்னுக்குக் குடிதண்ணீர் தரும் மலைகளும் இவைதான். வயதான காட்டைவிட இளங்காடு அதிகத் தண்ணீர் குடிக்கும் என்பதால் ஒரு பெருந்தீ வந்தால் பல வருடங்களுக்கு அணைக்கு வரும் நீர் குறையும் என்றார் ஓட்டுநர். மாநிலக் காடுகளில் இயற்கை மரம் வெட்டுவதை இந்த ஜனவரியோடு நிறுத்திவிட்டார்களாம்.

ஏப்ரல் 23, செவ்வாய், ரதர்கிளென்

காலையில் மேன்ஸ்ஃபீல்ட் சுற்றுவட்டாரம். கருப்பு மாடுகள், ஆடுகள், பிளாஸ்டிக் சுற்றிய வைக்கோல் உருண்டைகள். புல் பாதி பழுப்பு. போரில் இறந்த வீரர்களை நினைக்கும் ஆன்சாக் தினத்துக்குள், அதாவது ஏப்ரல் 25க்குள், முதல் நல்ல மழை விழுந்துவிட்டால் குளிருக்கு முன்னால் புல் எழுந்துவிடும் என்பது இங்குள்ள சம்சாரிகளின் கணக்கு. எனக்கு அடுத்த சீட்டுக்கு இன்று நகர்ந்து வந்த அம்மாள் கிப்ஸ்லாந்தில் மாட்டுப் பண்ணை வைத்திருந்தவர். வானத்தை என்னைவிட அதிகமாகப் பார்க்கிறார்.

பிறகு வளைந்து வளைந்து காட்டுப் பாதை. பவர்ஸ் லுக்அவுட்டிலிருந்து கிங் பள்ளத்தாக்கு முழுதும் தெரிகிறது. ஹாரி பவர் என்ற வழிப்பறிக்காரன் இங்கே ஒளிந்திருந்து 1870இல் பிடிபட்டானாம்.

கீழே இறங்கியதும் எனக்குப் பிடித்த இடம். இந்தப் பள்ளத்தாக்குகளுக்கு இத்தாலியிலிருந்து குடியேறியவர்கள் முதலில் போட்டது புகையிலை. அது படிப்படியாகக் குறைந்து, 2006இல் விக்டோரியாவில் புகையிலைச் சாகுபடியே முடிந்துபோனது. புகையிலை உலர்த்திய தகரக் கொட்டகைகள், உயரமாகச் சதுரமாக, அப்படியே நிற்கின்றன. சிலதில் டிராக்டர் நிறுத்தியிருக்கிறார்கள், பலதில் ஒன்றுமில்லை. அந்த வயல்களில் பலவற்றில் இப்போது திராட்சை, அதுவும் ப்ரொசெக்கோ, சாஞ்சியோவேசே என்று இத்தாலி ரகங்களே.

ஒரு குடும்பத் தோட்டத்தில் அறுப்பு இன்னும் முடியவில்லை. நெபியோலோ என்ற ரகம், கடைசியில் பழுக்கும். வரிசைக்குள் போகக் கூடாது என்று தெரியும், அதனால் ஓரத்திலேயே நின்றேன். வெட்டிக்கொண்டிருந்த பையன் என்னைப் பார்த்துவிட்டு ஒரு கொத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்தான். சின்னச் சின்னப் பழம், மேலே சாம்பல் பூத்தது போல ஒரு படலம், விரலால் தேய்த்தால் அடியில் மங்கலான சிவப்பு. வாயில் போட்டால் முதலில் நம்ம பன்னீரைவிட இனிப்பு. அடுத்த நொடி நாக்கு, ஈறு எல்லாம் துவர்த்து இழுத்துக்கொண்டது. சதை கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் தோலும் விதையும். இதை ஊரில் கூடையில் வைத்தால் ஒருத்தரும் வாங்கமாட்டார்கள். அந்தத் தோலிலும் விதையிலும்தான் ஒயினே இருக்கிறது என்றான் பையன்.

விலை கேட்டேன், எனக்கு வேறென்ன கேட்கத் தெரியும். பெரிய ஆலைக்குப் பழமாக விற்றால் அவர்கள் சொன்னதுதான் விலையாம். ஆஸ்திரேலிய ஒயினுக்குச் சீனா போட்டிருந்த 200 சதவீதத்தையும் தாண்டிய வரி போன மாதம்தான் நீங்கியது. அது இருந்த வருடங்களில் சிவப்பு ஒயின் தொட்டி தொட்டியாகத் தேங்கி, அந்தப் பழத்தை நம்பியிருந்தவர்கள் பாடு திண்டாட்டம். தோட்டத்து வாசலிலேயே கடை போட்டு, சொந்தப் பெயரில் பாட்டில் விற்பவர்கள் தப்பித்தார்கள். எங்களை மாதிரி பஸ் பஸ்ஸாக ஆட்கள் ஏன் வந்து இறங்குகிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. கம்பத்தில் இதை யாராவது செய்யலாம், ஒயின் வேண்டாம், பழச்சாறும் உலர்பழமும் போதும். ஆனால் விடியும் முன்னே பெட்டி கட்டி லாரியில் கேரளாவுக்கு ஏற்றிவிடுகிற நாம் எங்கே வாசலில் உட்காரப் போகிறோம்.

மதியச் சாப்பாடு: பூசணி, சீஸ். நேற்றும் அதே. சைவம் என்றால் இவர்களுக்கு அது மட்டும்தான்.

ஏப்ரல் 24, புதன், பிரைட்

ரதர்கிளென்னில் மஸ்கட், அந்தப் பெயருள்ள திராட்சையில் செய்யும் இனிப்பு ஒயின். பழத்தைக் கொடியிலேயே சுருங்க விட்டு, பாதி உலர்ந்த பிறகு அறுத்து, புளிக்க ஆரம்பித்ததும் திராட்சைச் சாராயத்தை ஊற்றிப் புளிப்பை நிறுத்திவிடுகிறார்கள். அதனால் சர்க்கரை அப்படியே தங்கிவிடுகிறது. பிறகு தகரக் கூரைக்கு அடியில் பழைய ஓக் பீப்பாய்களில் வருடக்கணக்கில். வெயிலில் கொஞ்சம் ஆவியாகிக் குறைந்துகொண்டே வரும், பழையதையும் புதியதையும் கலந்து கலந்து தரம் பிரிப்பார்கள். மிகப் பழையது கருப்பாக, கோப்பையைச் சுழற்றினால் ஓரத்தில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது.

நான் முகர்ந்து மட்டும் பார்த்தேன். பழனி பஞ்சாமிர்தம் டப்பாவைத் திறந்தது போல, பேரீச்சையும் உலர்திராட்சையும் கருகிய வெல்லமும். என்னங்க, ஒரு வாய் பாருங்க என்று நானே அவரிடம் கொடுத்தேன். மனிதர் முகத்தில் வந்த சிரிப்பைச் சுருளிப்பட்டியில் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

நம்ம பன்னீர் திராட்சை, போன வருடம் புவிசார் குறியீடு வாங்கியதே, அதன் உண்மைப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். அலெக்சாந்திரியா மஸ்கட்டின் பிள்ளை அது. அந்த அலெக்சாந்திரியாவோ இங்கே பீப்பாயில் கிடக்கும் சிறுமணி மஸ்கட்டின் பிள்ளை. ஆக எங்கள் தோட்டத்துக் கொடிக்கு இது பாட்டி முறை. கூடத்தில் இருந்தவரிடம் சொன்னேன். அவர் அதைவிட, வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை அறுப்போம் என்று நான் சொன்னதைத்தான் நம்ப மறுத்தார்.

மதியம் பீச்வொர்த், 1852இல் தங்கம் கிடைத்த ஊர். கருங்கல் கட்டடங்கள், பேக்கரி, தேன் கடை, நெட் கெல்லி என்ற பேர்போன கொள்ளைக்காரன் நின்ற நீதிமன்றம். கல்லறைத் தோட்டத்தில் தங்கம் தேடி வந்த சீனர்கள் முன்னோர்களுக்குக் காகிதம் எரித்த கோபுரங்கள் மட்டும் பார்க்கத் தகுந்தவை. மற்றபடி கடைவீதி.

ஏப்ரல் 25, வியாழன், பிரைட்

ஆன்சாக் தினம். இருட்டில் எழுந்து போர் நினைவுத்தூண் பக்கம் போனோம். கோட்டில் ரோஸ்மேரிக் கொத்து குத்திக்கொண்டு ஊரே நின்றது. ஊதுகொம்பு, மௌனம், அப்புறம் கலைந்தார்கள். மதியம் ஒரு மணி வரை பெரும்பாலான கடைகள் திறக்கக் கூடாதாம். நல்லதாகப் போயிற்று, ஓட்டுநருக்கு எங்களை எந்தக் கடையிலும் இறக்கிவிட வழியில்லை, மலைக்கே கூட்டிப்போனார்.

மவுண்ட் பஃபலோ, 1898இலிருந்து தேசியப் பூங்கா. கீழே பிரைட்டில் மேப்பிள், பாப்ளர் எல்லாம் மஞ்சளும் சிவப்புமாகக் கூட்டம் சேர்க்கின்றன. ஆனால் அவையெல்லாம் வெளியூரிலிருந்து கொண்டுவந்து நட்டவை. மேலே ஏற ஏற இந்த மண்ணின் மரங்கள். உச்சிப் பீடபூமியில் பனி யூகலிப்டஸ், குட்டையாக, காற்றுக்கு முறுக்கிக்கொண்டு. காலையில் தூறியிருந்ததால் அடிமரம் ஈரமாக இருந்தது. பாசிப்பச்சை, சந்தனம், செம்மண் நிறம் என்று நீளவாக்கில் கோடுகள். தொட்டால் வழுவழுவென்று சில்லென்றது. பக்கத்திலேயே பழைய தீயில் செத்த தண்டுகள் வெளுத்துப்போய் நிற்க, அதே அடியிலிருந்து சுற்றிலும் புதுக் கிளைகள். முதல் நாள் பார்த்த மலைச் சாம்பல் மரம் செத்து விதையை விடுகிறது, இது வேர்க்கிழங்கை வைத்துக்கொண்டு திரும்ப எழுகிறது. ஆனால் அடிக்கடி எரிந்தால் இதனாலும் முடியாது.

இங்கே இரண்டு மணி நேரம் விட்டார்கள். பாறையில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம், மகள் கட்டிக் கொடுத்த புளிக்காய்ச்சலில் விடுதிக் குக்கரில் நேற்றிரவே கிளறியது.

ஏப்ரல் 26, வெள்ளி, மெல்பர்ன் திரும்பும் வழி

கிளென்ரோவனில் ராட்சத நெட் கெல்லி பொம்மை, இரும்புத் தலைக்கவசத்தோடு. 1880இல் போலீஸ் சுற்றிவளைத்த ஊர். எல்லாரும் படம் எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகு நெடுஞ்சாலை, பாதி பஸ் தூங்கிவிட்டது.

கிப்ஸ்லாந்து அம்மாள் தூங்கவில்லை. பால் ஆலை விலையைக் குறைத்த வருடம் மாடுகளை விற்றதாகச் சொன்னார், விற்ற காலையில் பழக்கத்தில் நாலரைக்கே எழுந்துவிட்டாராம். உங்கள் பழத்துக்கு யார் விலை சொல்கிறார்கள் என்று கேட்டார். வியாபாரி என்றேன். தலையாட்டினார்.

சொல்லி வைத்தது போலக் கொழுந்தனிடமிருந்து போன். வியாபாரி நேற்றுச் சொன்ன விலையிலிருந்து இறங்கிவிட்டானாம், மழை வரும்போல இருக்கிறதாம், வெட்டலாமா என்று கேட்கிறார். இரண்டு நாள் பொறுடா என்றார் இவர். பழுத்த பன்னீர் மழையில் நனைந்தால் வெடித்துப்போகும், அது எங்கே பொறுக்கும் என்று நான் சொன்னேன். சீமூர் தாண்டும் வரைக்கும் அந்தப் பேச்சுதான். கடைசியில் பாதித் தோட்டத்தை மட்டும் வெட்டச் சொல்லியிருக்கிறார்.