எக்ஸ்ரே அறையில் யார் நிற்கலாம்?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. "தம்பி, இதை எடுத்தா கேன்சர் வருமா?" என்று நெஞ்சுப் படத்துக்கு வருகிறவர்கள் நிறைய பேர் கேட்கிறார்கள். அதே ஆட்கள் பிள்ளைக்குப் படம் எடுக்கும்போது, வேண்டாம் என்றாலும் கேட்காமல் கூடவே நிற்கிறார்கள். எங்கே பயப்பட வேண்டாமோ அங்கே பயம், எங்கே கவனம் வேண்டுமோ அங்கே அலட்சியம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உடம்பு வாங்கும் கதிரை மில்லிசீவர்ட் என்ற அலகில் அளப்போம். ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயில் அது 0.1 மில்லிசீவர்ட்டுக்கும் குறைவு. எந்தப் படமும் எடுக்காமலே மண், காற்று, வானம், சாப்பாடு வழியாக ஒரு மனிதர் ஆண்டுக்கு வாங்கும் உலகச் சராசரி 2.4 மில்லிசீவர்ட். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மாதிரி தாதுமணல் கிடக்கிற கடற்கரைகளில் இன்னும் அதிகம். சுவிட்சை விட்டதும் கதிர் நின்றுவிடும், உடம்பில் எதுவும் தங்காது. படம் எடுத்தபின் பால் கொடுக்கலாமா என்று தாய்மார்கள் தயங்குவார்கள். தாராளமாகக் கொடுக்கலாம்.

அப்படியானால் ஆபத்தே இல்லையா? இருக்கிறது. எக்ஸ்ரே செல்லுக்குள் போகும்போது அங்குள்ள தண்ணீர் மூலக்கூறுகளை உடைக்கிறது. அப்படிப் பிறக்கும் துகள்கள் டிஎன்ஏவைத் தாக்குகின்றன. சில நேரம் கதிரே நேராகத் தாக்கும். பெரும்பாலான சேதத்தைச் செல் தானே சரிசெய்துவிடும். தவறாகச் சரிசெய்தது பல வருடம் கழித்துப் புற்றுநோயாகலாம். அளவு கூடக்கூட அதற்கான வாய்ப்பும் கூடும். தோல் சிவப்பது, முடி கொட்டுவது வேறு வகை. அதற்கு மிகப் பெரிய அளவு ஒரே இடத்தில் விழ வேண்டும். 1895-இல் ராண்ட்ஜன் இந்தக் கதிரைக் கண்டுபிடித்த பிறகு, தங்கள் கையையே வைத்து மெஷினைச் சோதித்தவர்கள் விரல்களை இழந்தார்கள், சிலர் உயிரையும். இன்று நாங்கள் பத்திரமாக வேலை செய்வது அவர்கள் பட்ட பாட்டால்தான்.

சி.டி. ஸ்கேனும் எக்ஸ்ரே கதிரால் எடுப்பதுதான். வயிற்று சி.டி. ஒன்றில் 8, 10 மில்லிசீவர்ட் வரை போகும். நெஞ்சுப் படத்தைவிட ஏறக்குறைய நூறு மடங்கோ அதற்கும் மேலோ. டாக்டர் தேவை என்று சொன்னால் தயங்காமல் எடுங்கள். ஆனால் "எதுக்கும் ஒரு சி.டி. எடுத்துப் பாத்துடலாம்" என்று நீங்களாகக் கேட்காதீர்கள். அல்ட்ராசவுண்டிலும் எம்.ஆர்.ஐ.யிலும் இந்தக் கதிர் கிடையாது.

இப்போது அறைக்குள் நிற்பவர் விஷயம். முதுநகரிலிருந்து ஒரு பாட்டி, கை உடைந்த பேரனோடு வந்தார். "நீ எடுப்பா, நான் புடிச்சிக்கிறேன். எனக்கு வயசாயிடுச்சி, என்ன ஆவப்போவுது" என்றார். அவர் அன்பு புரிந்தது. ஆனால் பையன் தானாகவே கையை அசைக்காமல் வைத்திருந்தான். "ஆயா, கதவுக்கு வெளிய நின்னு அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க, போதும்" என்றேன். அப்படியே எடுத்து முடித்தோம்.

நேர்க்கதிர் பிள்ளை மேல் விழுந்தாலும், அவன் உடம்பில் பட்டுச் சிதறுவதுதான் பக்கத்தில் நிற்பவரைத் தாக்குகிறது. தூரம் இரண்டு மடங்கானால் அது ஏறக்குறைய கால் பங்காகக் குறையும். வார்டில் நோயாளியின் படுக்கைக்கே மெஷினைத் தள்ளிக்கொண்டு போய்ப் படம் எடுக்கும்போது நாங்கள் இரண்டு மீட்டராவது தள்ளிப் போவது இதனால்தான். பிடித்தே ஆக வேண்டும் என்றால் லெட் ஏப்ரன் (ஈயம் வைத்த மேலங்கி) போட்டுக்கொண்டு, நேர்க்கதிர் பாதையில் கை படாமல் பிடிக்க வேண்டும். கர்ப்பிணிகள் பிடிக்கவே கூடாது. ஏப்ரனை மடித்துப் போடுகிற இடங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். மடிப்பில் ஈயம் வெடித்துவிட்டால் அந்த இடத்தில் பாதுகாப்பு போய்விடும். ஸ்டாண்டில் தொங்கவிட வேண்டும்.

என் சட்டையில் இருக்கும் டி.எல்.டி. பேட்ஜைப் பார்த்து அது என்ன என்று கேட்பார்கள். வேலையில் எங்கள் மேல் எவ்வளவு கதிர் பட்டது என்று அளப்பது அது. உள்ளே இருக்கும் சின்ன வில்லைகள் பட்ட கதிரின் ஆற்றலைச் சேமித்து வைக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை லேபுக்கு அனுப்பினால், சூடாக்கி, வரும் ஒளியை வைத்து அளவு சொல்வார்கள். எங்களுக்கு ஐந்து வருடச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்தான் வரம்பு. பொதுமக்களுக்கு வெறும் 1. நோயாளிக்கு எடுக்கும் படத்துக்கு இந்த வரம்பு பொருந்தாது, அங்கே தேவைதான் கணக்கு.

மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தால் மேஜையில் ஏறுவதற்கு முன்பே சொல்லுங்கள், கூச்சம் வேண்டாம். அப்புறம், புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பழைய படங்களையும் ரிப்போர்ட்டையும் பையில் எடுத்துப் போங்கள். அங்கே காட்ட படம் இல்லாமல் மறுபடி எடுக்கச் சொல்லி எங்களிடம் திரும்பி வருகிறவர்கள் நிறைய.