முகமூடிக்குப் பின்னால் ஒரு திருமணம்
இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கின் கடைசிப் படமான ‘ஐஸ் வைட் ஷட்’டை (1999) நேற்றிரவு மதுரை அண்ணா நகரில் நண்பர் வீட்டு மாடியில் பார்த்து முடித்ததும், கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது.

படத்தில் வரும் முகமூடி விருந்து வெறும் பகட்டு என்று நண்பர் சலித்துக்கொள்ள, அவர் மனைவியோ, கடற்படை அதிகாரி ஒருவரிடம் தன் மனம் தடுமாறியதை நாயகி ஆலிஸ் கணவனிடம் சொல்லும் இடத்திலேயே கதை முடிந்துவிட்டது, மற்றதெல்லாம் அவனுடைய அடிபட்ட கர்வம் இரவெல்லாம் அலைவதுதான் என்றார். நான் அவர் கட்சி. ஆஸ்திரிய எழுத்தாளர் ஷ்னிட்ஸ்லரின் வியன்னாக் கதையை நியூயார்க்குக்கு மாற்றிய குப்ரிக், அந்நகரத் தெருக்களைப் பெரும்பாலும் இங்கிலாந்தில் அரங்கமாகவே அமைத்தார். அவை நிஜத் தெருக்களாகத் தோன்றாததே கனவு போன்ற இந்தக் கதைக்குப் பொருத்தம்.

கணவன் மனைவியாக நடித்த டாம் குரூஸ், நிக்கோல் கிட்மன் இருவரும் அப்போது உண்மையிலேயே தம்பதிகள் என்றேன். “அப்படியானால் இன்னும் மோசம்” என்றார் நண்பர்.