அங்க அடையாளங்கள்: ஒரு நாட்குறிப்பு

2024 ஜூன் 24, திங்கள்

வெளியே வந்து மூன்று நாட்கள் ஆகின்றன. வெள்ளிக்கிழமை மாலை சிறை வாசலில் என் கையில் தரப்பட்டவை விடுதலைச் சான்று, நெசவுக்கூடத்தில் ஈட்டிய கூலியில் பிடித்தம் போக மிஞ்சிய 43,860 ரூபாய்க்கான காசோலை, ஊர் போய்ச் சேரப் பேருந்துக் கட்டணம், என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலும் உள்ளே இருந்தபடி அஞ்சல்வழியில் படித்துப் பெற்ற பி.ஏ. தமிழ் பட்டச் சான்றும் இருந்த ஒரு பிளாஸ்டிக் உறை ஆகியவைதாம். இப்போது திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் என் தங்கையின் வீட்டில் இருக்கிறேன்.

வரப்புத் தகராறு ஒன்றில் என் கையால் ஓர் உயிர் போயிற்று. அதற்கு அளிக்கப்பட்ட ஆயுள் தண்டனையைப் பற்றி எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 161ஆம் பிரிவின்படி முன்விடுதலை பெற்று வந்த எனக்கு, நான் இன்னார் என்று காட்டும் தாள்களைத் தேடுவதே இனி முதல் வேலை என்பது, நேற்று என் தங்கை மகள் எனக்கொரு சிம் கார்டு வாங்கப் போய் வெறுங்கையுடன் திரும்பியபோதுதான் தெரிந்தது. "ஆதார் இல்லாம ஒண்ணுமே நடக்காது மாமா" என்றாள். நான் உள்ளே போனது 2008 மே மாதம். ஆதார் ஆணையம் அமைக்கப்பட்டது 2009 ஜனவரியில். 2015இல் அம்மா இறந்தபோது காவலர்களுடன் மூன்று நாள் விடுப்பில் வந்திருந்தேன். ஊரார் எல்லாரும் அதற்குள் பதிந்து முடித்திருந்தார்கள். அப்போது அதை நினைக்கும் நிலையில் நான் இல்லை.

எனக்குப் பின்னால் வெளியே வருபவர்களுக்கு எதை எந்த வரிசையில் செய்யலாம் என்பது தெரியட்டும் என்றே இதைத் தேதியிட்டு எழுதிவரத் தீர்மானித்திருக்கிறேன்.

2024 ஜூன் 27, வியாழன்

காசோலையுடன் வங்கிக்குச் சென்றேன். கணக்கு இருந்தால்தான் காசோலையைப் போட முடியும் என்றும், கணக்குத் தொடங்க ஆதாரும் பான் அட்டையும் வேண்டும் என்றும் சொன்னார்கள். என்னிடம் இருக்கும் ஒரே அரசுத் தாள் இதுதான் என்று விடுதலைச் சான்றை நீட்டினேன். அலுவலர் அதை வாங்கி, தண்டனைப் பிரிவு எழுதியிருந்த வரிவரைக்கும் வாய்விட்டுப் படித்துவிட்டார். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களுள் என் தங்கை வீட்டுக்கு எதிர்வீட்டுப் பெண்மணியும் ஒருவர். அலுவலர் வேண்டுமென்று அவ்வாறு செய்தார் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் வீடு வந்து சேரும்வரை என்னால் தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை.

காசோலையில் உள்ள தேதி ஜூன் 20. 2012 ஏப்ரல் முதல் காசோலைகள் மூன்று மாதங்களுக்கு மட்டுமே செல்லும். செப்டம்பர் 20க்குள் ஒரு கணக்கு வேண்டும்.

2024 ஜூலை 3, புதன்

ஆதார் மையத்தில் காலை ஏழு மணிக்கே டோக்கனுக்கு வரிசை நிற்கிறது. என் முறை வந்தபோது, ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, பான், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் இவற்றுள் எது இருக்கிறது என்று அங்கிருந்த இளைஞர் கேட்டார். ஒன்றும் இல்லை என்ற சொல்லை ஐந்து முறை சொன்னேன்.

இருந்தவையெல்லாம் எங்கே போயின என்பதை இரவு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். 2005இல் கொடுத்த ரேஷன் அட்டையில், அம்மாவின் பெயருக்குக் கீழே என் பெயர் இருந்தது. 2009 வரைக்குமான அந்த அட்டைக்கு ஆண்டுதோறும் உள்தாள் ஒட்டி ஒட்டிக் காலத்தை நீட்டினார்கள். அம்மா இறந்த பிறகு அதைப் புதுப்பிக்க வீட்டில் ஆள் இல்லாமற்போனது. 2017இல் ஸ்மார்ட் அட்டை வந்தபோது அந்தக் குடும்பமே பட்டியலில் இல்லை. வாக்காளர் அட்டை எங்கள் மண்வீட்டின் மரப்பெட்டியில் இருந்தது. வீடு மழையில் சரிந்தது. பட்டியலிலிருந்தும் பெயர் நீக்கப்பட்டுவிட்டது. நான் வேன் ஓட்டிப் பிழைத்தவன். கைதான அன்று சட்டைப்பையில் இருந்த ஓட்டுநர் உரிமம் மறுபடி என் கைக்கு வரவே இல்லை. வந்திருந்தாலும் பயனில்லை, காலாவதியாகி ஓராண்டு கடந்த உரிமத்தைப் புதுப்பிக்க, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், மறுபடியும் ஓட்டிக் காட்டித்தான் ஆகவேண்டும்.

2024 ஜூலை 9, செவ்வாய்

நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் குழுவின் அறைக்குப் போகும்படி நன்னடத்தை அலுவலர் சொல்லியிருந்தார். நீதிமன்றம் என்றதும் கால் தயங்கியது உண்மை. ஆனால் அங்கே கட்டணம் இல்லை, காத்திருப்பும் அதிகம் இல்லை. (15100 என்ற எண்ணில் தொலைபேசியிலும் கேட்கலாம்.) சட்டத் தன்னார்வலராகப் பணிபுரியும் ஓர் அம்மையார் என் தாள்கள் ஒவ்வொன்றையும் பொறுமையாகப் படித்தார். உரக்கப் படிக்கவில்லை.

அவர் மூன்று செய்திகளைச் சொன்னார். ஆவணம் ஏதும் இல்லாதவர்களுக்கென்று ஆதார் ஆணையமே ஒரு சான்றுப் படிவம் வைத்திருக்கிறது. அதில் புகைப்படம் ஒட்டி, வட்டாட்சியரோ சட்டமன்ற உறுப்பினரோ கையெழுத்தும் முத்திரையும் இட்டால், அதுவே அடையாளத்திற்கும் முகவரிக்கும் சான்றாகும். மூன்று மாதங்களுக்குள் அதைப் பயன்படுத்திவிட வேண்டும். காசோலைக்கு, ரிசர்வ் வங்கியின் விதிகளிலேயே 'சிறு கணக்கு' என்று ஒன்று இருக்கிறது. வங்கி அலுவலர் முன்னிலையில் கையெழுத்திட்ட புகைப்படம் ஒன்று போதும். மூன்றாவது செய்தியைச் சொல்லும்போது அவர் சற்றுத் தயங்கினார். சிறையில் நுழையும்போது ஒருவருக்குத் தயாரிக்கப்படும் சேர்க்கை ஆவணத்தில் சிறை அலுவலர் கையெழுத்தும் முத்திரையும் இட்டுக் கொடுத்தால், அதைக் கொண்டே சிறைக்குள் ஆதார் பதியலாம் என்று ஆணையம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறதாம்.

நான் இருந்த சிறையிலும் ஒருமுறை ஆதார் முகாம் நடந்தது. ரேஷன் அட்டையோ வாக்காளர் அட்டையோ வீட்டிலிருந்து வரவழைத்தவர்களை மட்டும் வரிசையில் விட்டார்கள். என்னைப் போல, மனு பார்க்க, அதாவது சிறைக்கு வந்து நேரில் சந்திக்க, ஆள் வருவதே அரிதாக இருந்தவர்கள் பிளாக்கிலேயே இருந்துவிட்டோம். சேர்க்கை ஆவணம் போதும் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது உள்ளே இருப்பவர்களின் வீட்டார் இதைப் படிக்க நேர்ந்தால், அடுத்த மனுவுக்குப் போகும்போது இதை அவசியம் கேளுங்கள். உள்ளே இருக்கும்போது பதிவது, வெளியே வந்து அலைவதைக் காட்டிலும் பன்மடங்கு எளிது.

2024 ஜூலை 18, வியாழன்

வட்டாட்சியர் கையெழுத்திட வேண்டுமானால் முதலில் கிராம நிர்வாக அலுவலரும் பிறகு வருவாய் ஆய்வாளரும் விசாரித்து அறிக்கை தர வேண்டும். எங்கள் கிராம நிர்வாக அலுவலர் வயதில் இளையவர். என்னை "ஐயா" என்றே அழைத்தார். அவர் கேட்டது நியாயமான கேள்வி: "நீங்க இந்த ஊர்க்காரர் இல்லையே ஐயா, உங்க சொந்த ஊர்ல சான்று வாங்கலாமே?"

சொந்த ஊர் இங்கிருந்து பதினெட்டு கிலோமீட்டர். என்னைப் பிறந்தது முதல் அறிந்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். அங்கேயேதான் இறந்தவரின் மனைவியும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அந்தத் தெருவில் போய் நின்று, என்னைத் தெரியும் என்று கையெழுத்திட்டுத் தாருங்கள் என்று யாரையும் கேட்கும் உரிமை எனக்கு இல்லை. ஒரு தாளுக்காக அவர்கள் என் முகத்தைப் பார்க்க நேரக்கூடாது. இதை அந்த அலுவலரிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேனாவை மூடி வைத்திருந்தார். பிறகு, இப்போது குடியிருக்கும் இடத்தை வைத்தே அறிக்கை தருவதாகவும், இந்த ஊரில் என்னை அறிந்த இருவர் வாக்குமூலம் தந்தால் போதும் என்றும் சொன்னார்.

ஒருவர் என் தங்கையின் மாமனார். இன்னொருவருக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, வங்கி வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற எதிர்வீட்டுப் பெண்மணி தாமாகவே வந்தார். என் தங்கையின் திருமணத்தன்று பந்தியில் நான் பரிமாறியது அவருக்கு நினைவிருந்தது. "அன்னைக்கு எனக்கு ரெண்டாவது தடவ பாயசம் ஊத்தினது நீதானே தம்பி, எனக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு, எழுத்துக் கூட்டித் தம் பெயரை எழுதினார். அவருக்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போதும் தெரியவில்லை. கும்பிட்டேன்.

2024 ஆகஸ்ட் 2, வெள்ளி

தலைப்பெழுத்தில் ஒரு சிக்கல். என் தந்தையின் பெயர் இரண்டு சொற்களால் ஆனது. பள்ளியில் முதற்சொல்லைக் கொண்டு தலைப்பெழுத்து இட்டார்கள். முதல் தகவல் அறிக்கையில் ஊரார் அழைத்த இரண்டாவது சொல்லை மட்டும் எழுதினார்கள். ஆகவே மதிப்பெண் பட்டியலில் 'சி', விடுதலைச் சான்றில் 'மு'. இருவரும் ஒருவரே என்று நன்னடத்தை அலுவலரிடம் கடிதம் பெற்றுத் தந்த பிறகு, 'சி' என்ற எழுத்தோடே வட்டாட்சியரின் சான்று இன்று கிடைத்தது. என் புகைப்படத்தின் மேல் பாதியும் தாளின் மேல் பாதியுமாக முத்திரை விழுந்திருக்கிறது. இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எந்த எழுத்தோடு வாழப்போகிறீர்கள் என்பதை முதல் தாளிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு அட்டையும் அதையே பின்பற்றும்.

2024 ஆகஸ்ட் 7, புதன்

ஆதார் பதிந்தேன். புதிய பதிவுக்குக் கட்டணம் இல்லை.

கண்ணின் கருவிழி இரண்டும் முதல் முறையே பதிந்தன. விரல்கள் பதியவில்லை. பதினொரு ஆண்டுகள் தறியில் நூல் ஓடி ஓடி, ஆட்காட்டி விரலிலும் பெருவிரலிலும் ரேகை தேய்ந்திருக்கிறது. அந்த இளைஞர் ஈரத்துணியால் என் விரல்களைத் துடைத்தார், கண்ணாடியைத் துடைத்தார், "கொஞ்சம் அழுத்துங்கய்யா, இப்ப மெதுவா" என்று ஆறேழு முறை முயன்றார். என் விரலைத் தம் விரலால் பிடித்து வைத்தபோது எனக்கு 2008 நினைவு வந்தது. அன்றும் இப்படித்தான் ஒருவர் ஒவ்வொரு விரலாகப் பிடித்து, மை தடவிய தகட்டில் உருட்டி, தாளில் உருட்டினார். பத்து விரலும் தெளிவாக விழுந்தன. உயரத்தை அளந்தார்கள். இடது புருவத்திற்கு மேல் தழும்பு, வலது முழங்கையில் கறுப்பு மச்சம் என்று அங்க அடையாளங்களை எழுதினார்கள். எந்த அலுவலகமும் அதற்கு முன்போ பின்போ என்னை அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. 2022ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம், அவ்வாறு எடுக்கும் பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. இவ்வளவு துல்லியமாக என்னை அறிந்து வைத்திருக்கும் ஓர் அரசிடம், நான் யார் என்று காட்ட எதிர்வீட்டு அம்மாவின் கையெழுத்தைக் கொண்டுபோக நேர்ந்தது என்பதை என்னால் எளிதில் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. சிறையின் பதிவேட்டிலிருந்து அந்தப் பக்கத்தை எடுத்து, விடுதலை நாளிலேயே ஓர் அட்டையாக மாற்றித் தருவது முடியாத காரியமா?

எட்டாவது முறை பதிந்தது. ஒப்புகைச் சீட்டில் 14 இலக்க எண்ணும் நாளும் நேரமும் இருக்கின்றன. பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களின் புதிய பதிவை மாநில அரசு சரிபார்க்க வேண்டும் என்பதால் 180 நாட்கள் வரை ஆகலாம் என்றார்கள்.

2024 ஆகஸ்ட் 20, செவ்வாய்

சிறு கணக்கு தொடங்கிவிட்டேன். மேலாளர் முதலில் அப்படி ஒன்று இல்லை என்றார். தன்னார்வலர் அம்மையார் அச்சிட்டுத் தந்திருந்த விதியை முழுவதும் படித்த பிறகு, தாமே எழுந்து வந்து படிவம் எடுத்துக் கொடுத்தார். இருப்பு எப்போதும் 50,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. ஆண்டுக்கு மொத்த வரவு ஒரு லட்சத்திற்குள் இருக்க வேண்டும். மாதத்திற்கு 10,000 ரூபாய் வரை எடுக்கலாம். கணக்கு ஓராண்டுக்குச் செல்லும். அதற்குள் ஆதார் போன்ற ஓர் ஆவணத்திற்கு விண்ணப்பித்ததைக் காட்டினால் இன்னோர் ஆண்டு நீளும். ஒப்புகைச் சீட்டின் நகலையும் சேர்த்தே கொடுத்துவிட்டேன்.

காசோலையை வாங்கிக்கொண்டார்கள். முதலில் எடுக்கும் பணத்தில் தங்கைக்கு ஒரு புடவை வாங்க வேண்டும்.

2024 அக்டோபர் 16, புதன்

மழை விடவில்லை. மதியம், குடையுடன் ஒருவர் வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வந்தார். ஆதார் விண்ணப்பத்தின் மீது விசாரணை. பெயர், முகவரி, இங்கே எத்தனை மாதமாக இருக்கிறேன் என்று கேட்டுக்கொண்டு, தேநீர் வேண்டாம் என்று சொல்லிச் சென்றுவிட்டார்.

2024 நவம்பர் 21, வியாழன்

தபால்காரர் கொண்டுவந்து கொடுத்தார். தங்கை மகள்தான் உறையைப் பிரித்தாள். பன்னிரண்டு இலக்கங்கள். தலைப்பெழுத்து 'சி'. முகவரியில், தங்கை கணவரின் பெயருக்கு முன்னால் 'மேற்பார்வை' என்று அச்சிட்டிருக்கிறது. மச்சான் அதை இரண்டு முறை படித்துவிட்டு, பத்திரமாக வைக்கச் சொல்லி உறையைத் தங்கையிடம் கொடுத்தார்.

இனி, இவர்களின் ரேஷன் அட்டையில் என் பெயரைச் சேர்க்க விண்ணப்பிக்க வேண்டும், வங்கிக் கணக்கை முழுக் கணக்காக மாற்ற வேண்டும், ஓட்டுநர் பயிற்சிக்கான உரிமம் எடுக்க வேண்டும். அவற்றுக்கெல்லாம் முன்னால் வாக்காளர் பட்டியல். இந்தச் சனி, ஞாயிறு சிறப்பு முகாம் இருக்கிறது.

2024 நவம்பர் 23, சனி

ஊராட்சித் தொடக்கப் பள்ளியில் முகாம். தண்டனை பெற்றவன் இனி வாக்களிக்க முடியாது என்று நானே பல ஆண்டுகள் நம்பியிருந்தேன்; உள்ளே இருந்த பலரும் அப்படித்தான் நம்பினார்கள். 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62(5) பிரிவு, சிறையில் அடைபட்டிருக்கும் காலத்தில் வாக்களிப்பதைத்தான் தடுக்கிறது. வெளியே வந்த பிறகு பெயர் சேர்ப்பதற்கு அது தடையில்லை. இதை மற்றவர்களுக்குச் சொல்லுங்கள்.

வாக்குச்சாவடி நிலை அலுவலர், எங்கள் தெரு அங்கன்வாடியில் பணிபுரிபவர், படிவம் 6ஐக் கொடுத்து அருகிலிருந்த சின்ன பெஞ்சைக் காட்டினார். பெயர், பிறந்த தேதி, உறவினர் பெயர் எல்லாவற்றையும் நிறுத்தி எழுதினேன். உறுதிமொழிப் பகுதியில், இந்த முகவரியில் எப்போது முதல் வசித்து வருகிறீர்கள் என்று மாதமும் ஆண்டும் கேட்டிருந்தது.

ஜூன் 2024 என்று எழுதினேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, கீழே கையெழுத்திட விட்டுப்போன இடத்தை விரலால் காட்டினார்.