ஃபார்ம் 19 தேடியவர்

‘அதிகம் தேடியவை’ என்ற பெட்டியை முதல் பக்கத்தில் வைத்தது என் யோசனைதான். நல்ல யோசனை என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். எங்கள் பலகாரக் கம்பெனியின் இன்ட்ராநெட்டை, அதாவது ஊழியர்களுக்கு மட்டுமான வெப்சைட்டை, ஆட்கள் தாமாகத் திறக்க ஆரம்பித்ததே அது வந்த பிறகுதான்.

அதற்கு முன்னால் இருந்தது எல்லாக் கம்பெனியிலும் இருக்கிற மாதிரிதான். முதலாளியின் படம், புத்தாண்டு வாழ்த்து, வாங்கிய விருதுகள். வாழ்த்து ஆடி மாசம் வரைக்கும் அப்படியே கிடக்கும். கோட்டையூர் பேக்கிங் செக்‌ஷனில் யாராவது அதைத் திறந்தார்கள் என்றால், மேனேஜர் பக்கத்தில் நிற்கிறார் என்று அர்த்தம். உண்மையான காரியமெல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில் நடந்தது. ஷிப்ட் மாற்றம் ஒரு குரூப்பில், மணகோலம் எத்தனை டின் என்பது இன்னொன்றில். நடுவே யாராவது ‘இனிய காலை வணக்கம்’ பூ அனுப்பினால், முந்தின நாள் வந்த விலைப்பட்டியல் மேலே போய்விடும். அப்புறம் அதைத் தோண்டி எடுக்க ஒரு ஆள் வேண்டும்.

புதிதாகக் கட்டியபோது நான் செய்ததில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பாஸ்வேர்டை எடுத்துவிட்டு, ஊழியர் எண்ணும் போனுக்கு வரும் ஓடிபியும் போதும் என்று வைத்தேன். பாதிப்பேருக்கு மெயில் ஐடியே கிடையாது. எல்லாவற்றையும் தமிழில் போட்டேன். மேலே பெரிதாக ஒரு தேடல் பெட்டி. மெனுவை எப்படிப் பிரிப்பது என்று மேனேஜர்களோடு மல்லுக்கட்டுவதைவிட, ஆட்கள் அந்தப் பெட்டியில் என்ன தட்டுகிறார்கள் என்று பார்த்தால் போதும். இது என் கண்டுபிடிப்பு அல்ல, வெப்சைட் கட்டுகிற எல்லாரும் செய்கிற வேலை.

பார்த்தேன். ஹெச்ஆர் எழுதிய பக்கத்தின் தலைப்பு ‘விடுப்புக் கொள்கை’. அந்தச் சொல்லை ஒருவர்கூடத் தட்டவில்லை. ‘லீவு பாக்கி’, ‘லிவு’, ‘எத்தன லீவு இருக்கு’, இங்கிலீஷ் எழுத்தில் நாலு விதமாக லீவு. அத்தனைக்கும் ‘முடிவுகள் இல்லை’ என்று கூசாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தது நான் கட்டிய சாமான். மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் பால்குடத்துக்கு முந்தின வாரம் ‘பால்குடம் லீவு உண்டா’ என்று அத்தனை பேர் கேட்டிருந்தார்கள். நாங்கள் போட்டிருந்த விடுமுறைப் பட்டியலில் குடியரசு தினம் இருந்தது, பால்குடம் இல்லை. ஒவ்வொன்றாகச் சரி செய்தேன். என்ன தட்டினாலும் சரியான பக்கம் வருகிற மாதிரி சொற்களைக் கோத்தேன். அப்புறம்தான், வாரம் முழுக்க அதிகம் தேடப்பட்ட பத்தை முதல் பக்கத்திலேயே காட்டினால் என்ன என்று தோன்றியது. ஒருவருக்கு இருக்கிற கேள்வி பத்துப் பேருக்கு இருக்கும் அல்லவா. பட்டியல் தானாக மாறும், யாரும் உட்கார்ந்து பார்த்துப் போட வேண்டியதில்லை.

ஐப்பசி தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை அந்தப் பத்தில் ‘ஃபார்ம் 19’ வந்து நின்றது.

பிஎஃப் விவகாரம் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். தெரியாதவர்களுக்காக: ஃபார்ம் 31 என்றால் வேலையில் இருந்துகொண்டே கல்யாணம், வீடு, வைத்தியம் என்று பிஎஃப் பணத்தில் ஒரு பகுதியை எடுப்பது. எங்கள் பட்டியலில் அது எப்போதும் இருக்கும், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஃபார்ம் 19 வேலையை விட்டவர் கணக்கை முடித்து மொத்தமாக வாங்குவதற்கு. முதலாளிக்கு இந்த நம்பரெல்லாம் தெரியாது. அக்கவுண்ட்ஸ் மேனேஜருக்குத் தெரியும். பத்தரை மணிக்குள் விஷயம் உள்ளே போய்விட்டது.

முதலாளி தன் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தே வைத்திருந்தார். கோபம் ஒன்றும் இல்லை.

“இது யாரு தம்பி?”

“தெரியாதுங்க முதலாளி. எண்ணிக்கை மட்டும்தான் வரும்.”

அவர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “எங்க ஐயா காலத்துல பினாங்கு கடையிலேர்ந்து ஐந்தொகை வரும், கடைக் கணக்கு மொத்தமும் அதுல இருக்கும். அதைப் பாத்தே, அங்க இருக்கிற ஏஜெண்டு இன்னும் ஒரு கணக்குக் காலம் அங்கேயே இருப்பானா, ஊருக்குக் கிளம்பிட்டானான்னு சொல்லிருவாக” என்றார். “சரி, போ.”

அவ்வளவுதான். இதைத்தான் இத்தனை நாளாகத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

திரையில் எண்ணிக்கை மட்டும்தான் வரும் என்பது நிஜம். உள்ளே லாகில், அதாவது சாஃப்ட்வேர் தானாக எழுதி வைக்கிற பதிவில், ஊழியர் எண், நேரம், தட்டிய சொல் எல்லாமே இருந்தது. அதுவும் போக, யார் என்று எனக்கு அப்போதே தெரியும். காலையில் வந்ததும் பார்த்திருந்தேன். ஒரே சொல் அடுத்தடுத்து விழுந்திருந்ததால் சாஃப்ட்வேர் கோளாறோ என்று பார்க்கப் போனேன். அது ஒரு காரணம். யார் என்று பார்த்துவிட வேண்டும் போல இருந்தது இன்னொரு காரணம். சரக்கு அனுப்புகிற செக்‌ஷனில் இருக்கிற டெஸ்பாட்ச் அண்ணன். பட்டியல் தேடல்களைத்தான் எண்ணியது, ஆட்களை எண்ணவில்லை. அவர் ஒருத்தர் தேடியதே அதைப் பத்துக்குள் தூக்கி வந்துவிட்டது.

ஏன் சொல்லவில்லை என்பதற்கு என்னிடம் நல்ல பதில் இருக்கிறது. உண்டியலில் காசு போடுகிறவன் துண்டுச்சீட்டில் பேர் எழுதிப் போடுவதில்லை. தேடல் பெட்டியும் அப்படி இருந்தால்தான் ஆள் வருவான். முதலாளி வரைக்கும் போகும் என்று ஒரு தடவை தெரிந்துவிட்டால், அப்புறம் ‘கேன்டீன் மெனு’வைத் தவிர எதையும் யாரும் தட்ட மாட்டார்கள். ஆட்கள் விரும்பி வருகிற இடமாகக் கட்டு என்று சொன்னது அவர்தானே. அதோடு, முந்தின வருஷம் டிரைவர் ஒருத்தர் வேறு வேலை பார்க்கிறார் என்று காதில் விழுந்த வாரத்திலேயே அவருடைய மதுரை ரூட் வேறு ஆளுக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன். பேச்சு இல்லை, விசாரணை இல்லை, ரூட் மட்டும் மாறிவிட்டது.

ஆனால் பலகார மாஸ்டர் ஒருத்தரை மதுரைக் கடைக்காரர் இழுக்கிறார் என்று கேள்விப்பட்டபோது, இதே முதலாளி ராத்திரி அவர் வீட்டுக்கே போய், பிள்ளையின் காலேஜ் ஃபீஸைத் தான் கட்டுவதாகச் சொல்லிவிட்டு வந்ததும் நடந்தது. மாஸ்டர் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறார். ‘தெரியாது’ என்று சொன்னபோது என் மனசில் டிரைவர்தான் வந்தார், மாஸ்டர் வரவில்லை. மாஸ்டர் வந்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனா? இருக்கலாம். அப்படியானால் உண்டியல் நியாயமெல்லாம் நான் அப்புறம் கோத்துக்கொண்டதுதானோ என்று ஒரு யோசனை வருகிறது. வந்தாலும் அந்த நியாயம் தப்பாகிவிடாது என்று அடுத்த நிமிஷமே தோன்றுகிறது.

சட்டத்தையும் எடுத்துப் பார்த்தேன். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஊழியருக்குச் சாதகமாக ஒரு வரி கிடைத்தால் பிடித்துக்கொள்ளலாம் என்றுதான் போனேன். வேலை தொடர்பான காரியங்களுக்காகவும், நிறுவனத்துக்கு நஷ்டம் வராமல் காக்கவும் தரவைச் சம்மதம் கேட்காமலே பயன்படுத்த அதில் இடம் விட்டிருக்கிறார்கள். தீபாவளி லோடு நிற்கும்போது டெஸ்பாட்ச் ஆள் போவது நஷ்டமா இல்லையா? எங்கள் முதலாளியைக் கேட்டால் உடனே பதில் சொல்வார்.

டெஸ்பாட்ச் அண்ணன் போய்விட்டார். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது. சிங்கப்பூர் பார்சல் ஒன்று மாறிப் போனது, சென்னைக்கு அதிரசம் ஒரு நாள் தாமதமாகப் போனது. “ஒரு வார்த்தை முன்னாடி தெரிஞ்சிருந்தா பேசியிருப்பேனே” என்று முதலாளி பொதுவாகத்தான் சொன்னார், என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ‘அதிகம் தேடியவை’ பெட்டியை எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டேன். அதற்கு முன்பே லாகில் ஊழியர் எண் விழாதபடி மாற்றியிருந்தேன், அதை அவரிடம் சொல்லவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். தை மாசம் புது பஸ் ஸ்டாண்டில் அண்ணனைப் பார்த்தேன். அவரே கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். புது இடத்தில் சம்பளம் கொஞ்சம்தான் கூட, அலைச்சல் அதிகம் என்றார். பேச்சு வாக்கில், “உன் பெட்டியில என் ஃபாரம் மேல வந்துச்சே, பாத்தியா?” என்று கேட்டார். நான் எதுவும் சொல்லாமல் சிரித்தேன்.

“நீ பாத்திருப்பேன்னு தெரியும். முதலாளிகிட்ட நீயாவது ஒரு வார்த்தை போட்டிருக்கலாம்ல தம்பி” என்றார். அவரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். “கூகுள்ல தேடத் தெரியாதா எனக்கு?”

தேவகோட்டை பஸ் வந்துவிட்டது, ஏறிப் போய்விட்டார்.

அது கேலியா, நிஜமா என்று எனக்குப் பிடிபடவே இல்லை. ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. ஃபார்ம் 19-ஐ வேலையை விட்டு இரண்டு மாசம் கழித்துத்தான் போட முடியும் என்பது அப்போதைய விதி. எங்கள் பக்கத்திலேயே அது கொட்டை எழுத்தில் இருந்தது. முதல் தடவை தேடியபோதே படித்திருப்பார். ராஜினாமாவே கொடுக்காத மனிதர், அதைத் திரும்பத் திரும்பத் தேடுவானேன்? லாகில் நேரமும் இருந்தது, எல்லாம் வேலை நேரம். நேராகப் போய்ச் சம்பளம் கேட்கிற சுபாவம் அவருக்கு இல்லை. பத்துக்குள் வந்தால் எல்லாரும் பார்ப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

அப்படியானால் நான் காப்பாற்றியது எதை? மறைவாக இருக்கட்டும் என்று நான் மூடி வைத்ததை அவர் வாசலில் கொண்டுவந்து வைத்திருக்கிறார். இல்லை, போன இடத்தில் சரிப்படாததால் இப்போது அப்படிச் சொல்லிக்கொள்கிறாரோ என்னவோ. மனுஷன் போன பிறகு ஆயிரம் சொல்வான். அவருக்காக அன்றைக்கு நான் பேரைச் சொல்லியிருந்தால், அடுத்து ‘ஃபார்ம் 19’ தட்டுகிற இன்னொருவர் பேரையும் சொல்ல வேண்டியிருக்கும். அந்த இன்னொருவர் உண்மையிலேயே யாருக்கும் தெரியக் கூடாது என்று தேடியவராக இருந்தால்? லாகில் இரண்டு பேருடைய தேடலும் ஒரே மாதிரிதான் விழும். இதற்கு டிசைனில் ஒரு வழி இருக்கும் என்று கொஞ்ச நாள் நம்பினேன். ‘மேனேஜரிடம் பேச விரும்புகிறேன்’ என்று ஒரு பட்டன் வைத்துப் பார்த்தேன். இதுவரை அதை அழுத்தியவர்கள் எல்லாரும் தவறுதலாக அழுத்தியவர்கள்.

போன மாசம் தேடல் பெட்டிக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி சேர்த்தேன்: ‘நீங்கள் தேடுவது உங்கள் பெயருடன் பதிவாகாது.’ முதலாளியிடம் காட்டிவிட்டுத்தான் சேர்த்தேன், அவர் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து சீட்டில் இருக்கிற அக்கவுண்ட்ஸ் அக்காதான் முதலில் படித்தார்.

“இதுக்கு முன்னாடி பதிவாச்சா தம்பி?”

“ஆமாக்கா, ஆச்சு” என்றேன்.

என்னென்ன தேடினோம் என்று அவர் மனசுக்குள் கணக்குப் போடுவது முகத்திலேயே தெரிந்தது. அப்புறம் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இப்போதெல்லாம் சம்பள ஸ்லிப்பைக்கூட அவர் தேடுவதில்லை, மெனுவில் ஒவ்வொன்றாகத் தட்டித்தான் எடுக்கிறார்.