மூன்று பந்துகளும் ஒரு தலையணையும்

இதய அறுவை முடிந்து வீட்டுக்கு வந்த ஒன்பதாவது நாள் தயிர்ச் சோற்றைப் பார்த்து அழுதேன். எனக்கு வயது 62. பொன்மலை ரயில்வே பணிமனையில் 36 ஆண்டுகள் ஃபிட்டராக இருந்தவன். அப்பா இறந்தபோதுகூட, ஆக வேண்டிய காரியங்கள் இருக்கின்றனவே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றவன். அன்று உப்பில்லாத தயிர்ச் சோற்றின் ஓரத்தில், நன்றாகக் கழுவி உப்பை எடுத்த நார்த்தங்காயை நகக்கண் அளவு வைத்திருந்தாள் மனைவி. அவ்வளவுதான். தொண்டை அடைத்தது, தட்டில் பொட்டுப் பொட்டாகக் கண்ணீர் விழுந்தது. "உறைக்கிறதா?" என்று பதறினாள். உப்பு நார்த்தங்காய் எங்காவது உறைக்குமா? "ஆமாம்" என்றேன்.

மருத்துவமனையில் கொடுத்தனுப்பிய தாள்களை எடுத்து மறுபடி படித்தேன். எவ்வளவு உப்பு, எத்தனை கிலோ தூக்கலாம், எப்போது வண்டி ஓட்டலாம், எல்லாம் இருந்தது. அழுகை வரும் என்று ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு நடந்தது பைபாஸ். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் மூன்று இடங்களில் அடைப்பு. நெஞ்செலும்பை நெடுக அறுத்துத் திறந்து, இடது மார்பின் உட்புறம் ஓடும் தமனியைத் திருப்பி ஓர் அடைப்புக்கு அப்பால் சேர்த்தார்கள். மற்ற இரண்டுக்கும் காலிலிருந்து எடுத்த சிரை. ஊட்டி மலை ரயிலின் நீராவி என்ஜின்களில் கை வைத்தவனுக்குக் குழாய் அடைப்பைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அறுத்த எலும்பைத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியால் முறுக்கிக் கட்டுவார்கள், கம்பி அங்கேயே இருந்துவிடும் என்று டாக்டர் சொன்னபோது, ஒரு ஃபிட்டராக எனக்கு அந்த வேலை பிடித்தே இருந்தது. 1975-இல் நாட்டின் முதல் பைபாஸ் நடந்தது எங்கள் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் என்ற பெருமை வேறு. ஆகவே பயப்படாமல்தான் போனேன். பயம் பிறகு வந்தது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டாம் இரவு, நான் பணிமனையில் இருப்பதாகவே நம்பினேன். கருவியின் பீப் ஒலி எனக்குக் கிரேன் மணியாகக் கேட்டது. "மெயினை அணையுங்கள், ஆள் உள்ளே இருக்கிறான்" என்று நர்ஸிடம் சண்டை போட்டேனாம். அந்தப் பெண்ணும் "அணைத்துவிட்டேன் அப்பா, படுங்கள்" என்றாராம். மகன் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே கிடந்த அந்த ஆளின் பூட்ஸ்கூட இன்னும் நினைவில் இருக்கிறது.

மூன்றாம் நாள் காலை எழுந்து உட்கார்ந்து இரண்டு இட்லி தின்றேன். தேறிவிட்டேன் என்று நானே எல்லோரிடமும் சொன்னேன். மாலையில் நெஞ்சுக்குள் ஒரு கோழி அடைபட்டுச் சிறகடித்தது. நாடி 140. இந்த அறுவைக்குப் பிறகு இப்படித் தாறுமாறாகத் துடிப்பது நாலைந்து பேரில் ஒருவருக்காவது வருவதுதான் என்று டாக்டர் சொன்னார். மருந்து ஏற்றினார்கள், விடிவதற்குள் அடங்கியது. ஆனால் அன்றோடு என் உடம்பின் மேல் எனக்கிருந்த நம்பிக்கை போனது. அதன்பின் பல வாரங்கள், யாரும் பார்க்காதபோது மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தேன்.

மூன்று பந்துள்ள பிளாஸ்டிக் கருவி ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். குழாயை வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் பந்துகள் ஒவ்வொன்றாக மேலே எழும்ப வேண்டும். படுத்தே கிடந்தால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி கட்டிவிடுமாம், அதற்கான பயிற்சி. முதல் நாள் ஒரு பந்து பாதி தூரம் எழும்பி விழுந்தது. பேரனுக்குத் திருவிழாவில் வாங்கித் தருகிற விளையாட்டுச் சாமான்போல் இருக்கிறது, அதற்கே எனக்கு வியர்த்தது. மூன்றாவது பந்து அசைந்தது வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் கழித்து. அன்று தெருவில் போனவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல் இருந்தது. மறுநாள் அது எழும்பவில்லை. அன்று முழுக்க நான் யாரோடும் பேசவில்லை.

இன்னொரு கருவி தலையணை. இருமல் வந்தால் அதை நெஞ்சோடு இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் இரும வேண்டும். தும்மல் இன்னும் மோசம், சொல்லிக்கொண்டு வராது. எழுந்திருக்கக் கையை ஊன்றக் கூடாது. பக்கவாட்டில் புரண்டு, காலைத் தொங்கவிட்டு, அந்தக் கனத்தில் எழ வேண்டும்.

எல்லோரும் நெஞ்சைப் பற்றியே விசாரித்தார்கள். எனக்கு அதிகம் வலித்தது கால். சிரை எடுத்த காலில் கணுக்கால் வீங்கி, மாலையானால் செருப்பு நுழையாது. இடது மார்பின் மேல்தோலோ மரத்துப்போய்விட்டது, எறும்பு ஊர்ந்தாலும் தெரியாது.

பார்க்க வந்தவர்களைப் பற்றி ஒரு தனிக் கட்டுரை எழுதலாம். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டு வந்தவர்களை மன்னித்தேன். மருதம்பட்டைக் கஷாயம் குடித்தால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்றவர்களை மன்னிக்கவில்லை. "ஹார்ட் பம்பிங் எத்தனை சதவீதம்?" என்று கேட்டுவிட்டு, 45 என்று சொன்னதும் முகம் மாறியவர்களையும்தான். பணிமனையில் கூட வேலை பார்த்த ஒரு கொல்லர் மட்டும் எதையும் கேட்காமல் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் சில ஆண்டுகளுக்கு முன் பைபாஸ் நடந்திருக்கிறது. கிளம்பும்போது, மனைவி உள்ளே போன சமயம் பார்த்து, "அழுகை வருகிறதா?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "நான் கிரிக்கெட் பார்த்து அழுதேன். நம் ஆட்கள் ஜெயித்த ஆட்டம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்தாவது வாரம் ஒரு முட்டாள்தனம் செய்தேன். மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். குழாயில் காவிரித் தண்ணீர் வந்தது. குடம் நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் தூக்கினேன். நெஞ்சில் 'டக்' என்று ஒரு சத்தம். குடத்தை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்தேன். எலும்பு சேரவே இரண்டு மூன்று மாதம் ஆகும், அதுவரை கனமான எதையும் தொடாதே என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். எக்ஸ்ரேயில் முறுக்கிய கம்பிகள் ஒன்றுகூட அறுபடாமல் வரிசையாக நின்றன. டாக்டர் நெஞ்சை அழுத்தி, இருமச் சொல்லிப் பார்த்துவிட்டு, எலும்பு நகரவில்லை, தசைப்பிடிப்புதான் என்றார். மனைவி திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "என்னை ஏன் நோயாளிபோல் நடத்துகிறாய்?" என்று நானே அவள்மேல் பாய்ந்தேன். நியாயமே இல்லை.

ஆறாவது வாரப் பரிசோதனையில் எனக்கு ரத்த அழுத்தம், காயம், எல்லாம் பார்த்து முடித்த டாக்டர், பக்கத்தில் திரும்பி, "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் அம்மா?" என்றார். அவள் அழத் தொடங்கினாள். இரவெல்லாம் எனக்கு மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாளாம். நான்கு கிலோ குறைந்திருக்கிறாள். மூன்று மணிக்கு விழித்து, மல்லாந்தபடி கூரையைப் பார்த்து நாடியை எண்ணிக்கொண்டிருந்த எனக்கு, அருகில் இன்னொருவரும் விழித்திருப்பது தெரியவில்லை.

மனநல மருத்துவர் ஒருவரைப் பாருங்கள் என்று அனுப்பினார்கள். எனக்கு அவமானமாக இருந்தது, ஆனாலும் போனேன். அவர் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. பகல் தூக்கத்தைக் குறைக்கச் சொன்னார், தனியாக நடக்காமல் யாருடனாவது நடக்கச் சொன்னார், இந்தச் சோர்வு இன்னும் சில வாரம் நீடித்தால் மாத்திரை தருவதாகச் சொன்னார். மாத்திரை தேவைப்படவில்லை. கொல்லர் நண்பர் தினமும் காலையில் வந்தார். வாசலிலிருந்து விளக்குக் கம்பம் வரை என்று தொடங்கிய நடை, மூன்றாம் மாத முடிவில் அரை மணி நேரம் ஆனது. வழியில் ஒருநாள் நன்றாக இருக்கும், அடுத்த நாள் காரணமே இல்லாமல் கால் கனக்கும். இப்போதும் அப்படித்தான்.

மொபெட் ஓட்ட அனுமதி கிடைத்த வாரம், தலையணையைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று மனைவி கேட்டாள். களிம்புக் கறை, மஞ்சள் கறை, நடுவில் என் கைகள் இறுக்கிய பள்ளம். இருக்கட்டும் என்றேன். உறையை மாற்றி வைத்தாள். இப்போது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதில் தலை வைத்து அவள்தான் தூங்குகிறாள். பணிமனையில் மாலைச் சங்கு ஊதும்வரை நான் எழுப்புவதில்லை.