லைட்டைத் தொட்ட கை

நான் அதை வாய்விட்டுச் சொன்னேனா, மனதுக்குள் சொல்லிக்கொண்டேனா என்பதில் இன்றும் குழப்பம்தான். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். "மேடம், கிளவுஸ்..." அவ்வளவுதான். அதற்கு டாக்டர் சொன்னது மட்டும் அப்படியே காதில் இருக்கிறது: "யூட்ரஸை விடாதீங்க சிஸ்டர்." வயிற்றின் மேலிருந்து கருப்பையைப் பிடித்திருந்த என் கையைச் சொன்னார்.

108 வண்டியிலேயே குழந்தை பிறந்துவிட்டது, நஞ்சுக்கொடி விழவில்லை. இறக்கும்போதே ஸ்ட்ரெச்சர் நனைந்திருந்தது. கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் மருந்து ஓடிக்கொண்டிருக்க, என் கை அடிவயிற்றைப் பிசைந்துகொண்டிருக்க, ரத்தம் நிற்பதாக இல்லை. கையை உள்ளே விட்டு நஞ்சை எடுத்தாக வேண்டும். டாக்டர் கிளவுஸ் போட்டார். வெளிச்சம் போதவில்லை. ஃபோகஸ் லைட்டின் கழுத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். அந்தக் கைதான் உள்ளே போனது.

எங்கள் லைட்டின் கழுத்தில் எப்போதோ சுற்றிய பிளாஸ்டர் ஒன்று உண்டு. ஓரம் பிரிந்து, பசையில் தூசி ஒட்டிக் கறுத்திருக்கும். மேஜையைத் துடைப்போம், தரையை பிளீச்சிங் போட்டுத் துடைப்போம், அதை யாரும் துடைத்ததில்லை. நானும்தான்.

முழங்கை வரை வரும் கிளவுஸ்தான் இதற்குப் போட வேண்டும். அது பீரோவில் இருந்தது, சாவி பகல் டியூட்டி இன்சார்ஜிடம். சரி, அதை விடுங்கள். சாதா கிளவுஸையாவது மாற்றியிருக்கலாமே? புதுப் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுக்க அரை நிமிடம் ஆகும். நிறைமாதக் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் போகிறது. அப்படியானால் அந்த அரை நிமிடத்தின் விலை என்ன? எத்தனையோ ராத்திரி இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறேன். வயிற்றைப் பிடித்திருந்த கையை நான் எடுத்தால் பிடிக்க வேறு ஆள் இல்லை, ஆயாம்மா காலைப் பிடித்திருந்தார். ஒவ்வொரு முறையும் டாக்டர் செய்தது சரி என்றுதான் கணக்கு முடிகிறது. முடிந்த பிறகும் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

நஞ்சு முழுசாக வந்தது, ரத்தம் நின்றது. "நல்லவேளை சிஸ்டர்" என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. கிருமித் தொற்றைத் தடுக்கும் ஆம்பிசிலின் ஊசியை அப்புறம்தான் போட்டேன். கை உள்ளே போவதற்கு முன்பே போட்டிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் மாலை குளிர் ஜுரம், 102. உதிரப்போக்கில் நாற்றம். அடிவயிற்றில் கை வைக்க விடவில்லை. மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினோம். ஒன்பது நாள் கழித்துப் பிழைத்து வீட்டுக்குப் போனாள்.

லைட்டால்தான் வந்தது என்று எப்படிச் சொல்வது? பிரசவம் ஓடுகிற வண்டியில் ஆனது. அங்கே எத்தனை கை பட்டதோ. நர்சிங் படிக்கும்போது செம்மல்வைஸ் கதையை எல்லோரும் ஒப்பித்திருப்போம். 1847, வியன்னா, பிரசவ ஜுரத்தைத் தடுக்க டாக்டர்களைக் குளோரின் தண்ணீரில் கை கழுவ வைத்தவர். அவருக்கு ஒப்பிட்டுக் காட்ட மருத்துவ மாணவர்கள் பார்த்த வார்டு ஒன்று, மருத்துவச்சிகள் பார்த்த வார்டு ஒன்று என்று இரண்டு இருந்தன. என்னிடம் இருப்பது ஒரே ஒருத்தி.

அது மட்டுமில்லை. டாக்டர் கையையே பார்த்துக்கொண்டிருந்த நான், நரம்பில் வென்ஃப்ளான் ஊசி போடும்போதும் யூரின் டியூப் போடும்போதும் என் கையில் ஹேண்ட்ரப், அந்தக் கிருமிநாசினி, தேய்த்தேனா? கேஸ் ஷீட்டில் 'கை சுத்தம்' கட்டத்தில் டிக் இருக்கிறது. போட்டது நான்தான், விடியற்காலை நாலு மணிக்கு, மற்ற கட்டங்களோடு சேர்த்து வரிசையாக.

இப்போது பி.பி.ஹெச். டிரேயிலேயே, அதாவது பிரசவத்துக்குப் பின் வரும் ரத்தப்போக்குக்கான டிரேயிலேயே, நீளக் கிளவுஸ் இரண்டு ஜோடி வைத்திருக்கிறோம். பிளாஸ்டரைப் பிய்த்துப் போட்டேன். போன மழைக்காலத்தில் இதேபோல ஒரு கேஸ், டாக்டர் வேறு. இந்த முறை சத்தமாகவே சொன்னேன், "சார், மாத்திட்டுப் போங்க." மாற்றினார். மாற்றும்போது ஒரு கிளவுஸ் கிழிந்து, இன்னொன்றைப் பிரித்து, அதற்குள் கீழே வைத்திருந்த கிட்னி டிரே நிரம்பி வழிந்தது. அவளுக்கு இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினோம். ஜுரம் வரவில்லை. இதில் நான் செய்தது சரியா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் உடனே பதில் சொல்லியிருப்பேனா, தெரியாது.

முதல் பெண், குழந்தைக்கு ஒன்றரை மாத ஊசி போட வந்திருந்தாள். மாமியாரும் கூட வந்திருந்தார். "அன்னிக்கு நீங்க இல்லன்னா இவ இல்ல சிஸ்டர்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "உங்க வார்டுல ஃபேன் நேரா அவ தலைக்கு மேல. அந்தக் காத்துலதான் ஜன்னி கண்டுடுச்சு. பச்ச உடம்பு பாருங்க" என்றார்.

"ஆமாம்மா, காத்து படாம பாத்துக்குங்க" என்றேன்.